வானம் வந்தால் துறை கரி, துறை வந்தால் வானம் வெள்ளை

உங்கள் கேள்வியை எனக்குப் புரிந்த விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். எர்ணாவூரில் இருக்கிறீர்கள். கையில் பழைய டிஎஸ்எல்ஆர், அதோடு வந்த 18-55 லென்ஸ். எண்ணூர் கழிமுகத்திலும் பழவேற்காடு ஏரியிலும் சாயங்காலம் படகுத்துறையைப் படம் எடுத்துப் பார்த்திருக்கிறீர்கள். வானம் நன்றாக வந்தால் துறை கரிக்கட்டையாகிவிடுகிறது. துறைக்கு வெளிச்சம் வைத்தால் வானம் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடுகிறது. கடைசியில், எந்த ஃபில்டர் (லென்ஸுக்கு முன்னால் மாட்டும் கண்ணாடி) வாங்கலாம், இல்லை கேமராவையே மாற்றிவிடலாமா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். எனக்கென்னவோ நீங்கள் ஃபில்டரைப் பற்றிக் கேட்கவில்லை என்றுதான் படுகிறது. அங்கே நின்றபோது கண்ணுக்கு இரண்டும் தெரிந்ததே, படத்தில் மட்டும் ஏன் இல்லை என்பதுதான் உங்கள் ஆதங்கம். அதைப் பேசிவிட்டால் ஃபில்டர் கேள்வி பாதி கரைந்துவிடும்.

நான் ராயபுரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். இருபத்து நாலு வருஷமாகக் கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் போட்டோதான் சோறு போடுகிறது. முகூர்த்தம் இல்லாத நாட்களில் சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு எண்ணூர் பக்கம் போவது பழக்கமாகிவிட்டது. ஆகவே கீழே சொல்வது துறை, படகு, தண்ணீர், வானம் பற்றி மட்டும். பழவேற்காட்டுப் பூநாரைகளை எப்படி எடுப்பது என்று கேட்டால் அது வேறு வித்தை, அதற்கு வேறு ஆளைப் பிடியுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கண் ஒரே பார்வையில் அந்தக் காட்சியை வாங்குவதில்லை. வானத்தைப் பார்க்கும்போது கண்ணின் பாப்பா சுருங்குகிறது, பலகைக்குத் திரும்பும்போது விரிகிறது, மூளை இரண்டையும் ஒட்டி ஒரே காட்சியாக நமக்குக் காட்டுகிறது. கேமராவுக்கு அந்தச் சலுகை கிடையாது, ஒரு கிளிக்குக்கு ஒரே அளவு வெளிச்சம்தான். எங்கள் தொழிலில் வெளிச்சத்தை ஸ்டாப் என்று எண்ணுவோம். ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரண்டு மடங்கு, இரண்டு ஸ்டாப் என்றால் நான்கு மடங்கு, பத்து ஸ்டாப் என்றால் ஆயிரத்துச் சொச்சம் மடங்கு. சூரியன் அடிவானத்தில் இருக்கும்போது அதை ஒட்டிய வானத்துக்கும் துறையின் நிழல் பக்கத்துக்கும் இடையே பத்து ஸ்டாப்புக்கு மேலேயே இருக்கும். உங்கள் கேமரா ஜேபெக்கில் (கேமராவே பதப்படுத்திச் சுருக்கித் தரும் கோப்பு) அவ்வளவை ஒரே படத்தில் பிடிக்காது. போதாததற்கு, உள்ளே வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கத்தான் பார்க்கும். வானம் நிறைய இருந்தால் படத்தை இருட்டடிக்கும், துறை நிறைய இருந்தால் வெளுக்கடிக்கும். நீங்கள் தப்பு செய்யவில்லை, கேமராவிலும் கோளாறு இல்லை. அந்த நேரத்தில் அந்தப் பக்கம் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் வரும்.

அந்த நேரம், அந்தப் பக்கம் என்ற இரண்டையும்தான் நீங்கள் மாற்ற வேண்டும்.

நேரத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், பெரிய பலன் அதில்தான். உங்கள் படங்களில் சூரியன் வட்டமாகத் தெரிகிறது, பெரும்பாலும் நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே. அது போனதும் நீங்களும் கிளம்பிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். எல்லாரும் அப்படித்தான் கிளம்புகிறார்கள். நான் ஒரு முறை கழிமுகத்தில் ஸ்டாண்டைப் போட்டு உட்கார்ந்திருந்தபோது, வலையை உதறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்து, "இன்னா நைனா, அதான் சூரியன் பூட்ச்சே, இன்னும் இன்னாத்துக்கு குந்திகினு கீற?" என்றார். இப்போதுதான் தாத்தா ஆரம்பிக்குது என்றேன். அவர் நம்பவில்லை. பத்து நிமிடம் கழித்து கேமராவின் பின் திரையைக் காட்டினேன். அவர் படகின் மூக்கில் அடித்திருந்த பச்சை வண்ணம், கயிற்றுச் சுருள், பலகையில் ஒட்டியிருந்த மீன் செதில் எல்லாம் தெரிந்தன. பின்னால் வானம் செம்பருத்தி நிறத்தில் இருந்தது. "இது என் போட்டு தானா?" என்று இரண்டு தரம் கேட்டார்.

நடந்தது இதுதான். சூரியன் மறைந்த பிறகு அடிவானத்தின் வெளிச்சம் வேகமாக இறங்குகிறது. துறைக்கோ வெளிச்சம் அந்த ஒரு புள்ளியிலிருந்து வருவதில்லை, முழு வானமும் ஒரு பெரிய வெள்ளை வேட்டி மாதிரி மேலிருந்து பரவலாகக் கொடுக்கிறது. அதனால் இரண்டுக்கும் இடையே இருந்த பத்து ஸ்டாப் சுருங்கிச் சுருங்கி, கேமரா ஒரே படத்தில் பிடிக்கிற அளவுக்கு வந்துவிடுகிறது. இது நிச்சயம், எந்த ஊரிலும் நடக்கும். நம் ஊருக்கு உள்ள சிக்கல், இந்த நேரம் கொஞ்சம்தான் என்பது. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கம், 13 டிகிரி. சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. மறைந்ததிலிருந்து இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் முக்கியமான வெளிச்சம் முடிந்துவிடும். ஐரோப்பாக்காரர்கள் வீடியோவில் ஒரு மணி நேரம் ஆற அமரப் பேசிக்கொண்டே எடுப்பதைப் பார்த்துவிட்டு இங்கே அப்படி உட்காராதீர்கள். சென்னையில் சூரியன் மறையும் நேரம் நவம்பர் கடைசியில் 5:40-ஐ ஒட்டியும், ஜூலைத் தொடக்கத்தில் 6:40-ஐ ஒட்டியும் இருக்கும். அதற்கு முக்கால் மணி முன்னால் போய் இடம் பார்த்து, ஸ்டாண்டை நிறுத்தி, படத்தின் சட்டத்துக்குள் எது வரும் என்று முடிவு செய்துவிட வேண்டும். மறைந்த பிறகு இடம் தேடி ஓடினால் ஒன்றும் கிடைக்காது.

எண் வேண்டும் என்றால் எனக்கு வழக்கமாக வருவதைச் சொல்கிறேன். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100, எஃப்/8 (லென்ஸ் துவாரத்தின் அளவு) வைத்தால், மறைந்து பத்து நிமிடத்தில் 1/8 வினாடி, இருபது நிமிடத்தில் ஒன்று அல்லது இரண்டு வினாடி. மேகத்தைப் பொறுத்து இது இரண்டு மடங்கு கூடும், குறையும், ஆகவே இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு படம் எடுங்கள், ஹிஸ்டோகிராமை, அதாவது இடமிருந்து வலமாக இருட்டு, வெளிச்சம் எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தைப் பாருங்கள், வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றால் ஒரு ஸ்டாப் குறையுங்கள். வெளுத்துப்போன வானத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, இருண்ட பலகையை ஓரளவு தூக்கிவிடலாம். ஓரளவுதான். உங்கள் வயசு கேமராவில் இரண்டு ஸ்டாப்புக்கு மேல் தூக்கினால் நிழலில் மிளகாய்த் தூள் தூவின மாதிரி புள்ளி வரும். படத்தை ரா கோப்பாக, அதாவது கேமரா கைவைக்காத மூலப் பதிவாக எடுங்கள், இதில் மட்டும் பேச்சே கிடையாது. வெள்ளைச் சமநிலையை (படத்தின் நிறச் சாயலைத் தீர்மானிக்கும் அமைப்பு) ஆட்டோவில் விட்டால் கேமரா அந்தச் செம்மஞ்சளை ஏதோ குறை என்று நினைத்து வெளுத்துவிடும். டேலைட்டில் வைத்துவிடுங்கள். க்ளவுடி போட்டால் இன்னும் கொஞ்சம் மஞ்சள் ஏறும். எனக்கு டேலைட்டே போதும், க்ளவுடியில் தண்ணீர் டீ மாதிரி ஆகிவிடுகிறது.

இனி திசை. நீங்கள் அனுப்பிய ஒரு படம் நெட்டுக்குப்பத்துப் பழைய பாலத்தில் எடுத்தது, கடலுக்குள் நீண்டு நிற்பது. அங்கே சாயங்காலம் போனால் உங்கள் முதுகுக்குப் பின்னால், ஊருக்கு மேலே சூரியன் மறையும். அது விடியற்காலை இடம். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் கடற்கரைக்குப் போய் அஸ்தமனத்தைத் தேடுகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் வருகிறார்கள். நம்முடையது கிழக்குக் கடற்கரை. தண்ணீருக்கு மேலே சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும் என்றால் தண்ணீர் உங்களுக்கு மேற்கே இருக்க வேண்டும். வடசென்னையில் அதற்கு உள்ளவை எண்ணூர்க் கழிமுகம், புழல் ஏரி மாதிரி ஏரிகள், கொஞ்சம் தள்ளி பழவேற்காடு. புழல் குடிநீர் ஏரி, அங்கே துறை என்று எதுவும் கிடைக்காது, கரையோடு சரி. பழவேற்காட்டில் ஊர்ப்பக்கத்துத் துறையில் நின்றால் ஏரி பெரும்பாலும் வடக்கேயும் கிழக்கேயும் விரியும். பாலத்தைத் தாண்டி லைட் ஹவுஸ் குப்பம் பக்கம் போய் நின்றுதான் ஏரிக்கு மேலே மேற்கைப் பார்க்க முடியும். உங்களுக்கு அங்கே தண்ணீரில் நிறமே வரவில்லை என்று எழுதியிருந்தீர்களே, ஊர்ப்பக்கம் நின்றிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, சூரியன் தினமும் சரியாக மேற்கில் மறைவதில்லை. நம் அட்சரேகையில் ஜூனில் மேற்கிலிருந்து சுமார் 24 டிகிரி வடக்கே தள்ளி மறையும், டிசம்பரில் அதே அளவு தெற்கே. மொத்தம் 48 டிகிரி. உங்கள் 18 மில்லிமீட்டர் லென்ஸ் பக்கவாட்டில் பார்ப்பதே 65 டிகிரிதான். அதாவது மார்ச்சில் துறையின் நுனிக்கு நேராக மறைந்த சூரியன் ஜூனில் சட்டத்தின் வலது ஓரத்துக்குப் போய்விடும். துறையை நகர்த்த முடியாது, ஆகவே ஒரு துறைக்கு வருஷத்தில் எந்த மாதம் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. போனிலேயே திசைகாட்டி இருக்கிறது. துறையின் நடுவில் நின்று அது எந்தக் கோணத்தில் நீள்கிறது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். சூரியன் மறையும் கோணத்தை நாள் வாரியாகச் சொல்லும் செயலிகள் உண்டு. எண்ணூரில் மேற்கே வல்லூர் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் நிற்கின்றன. சிலருக்கு அது இடைஞ்சல். எனக்கு அதுதான் எண்ணூர். அதை வெட்டி எறிந்துவிட்டு எடுத்த படத்தை எந்த ஊர் என்று வேண்டுமானாலும் சொல்லலாம்.

துறை கரியாகிறது என்று வருத்தப்பட்டீர்கள். கரியாக வருவது எப்போதும் குறை இல்லை. சூரியன் இருக்கும்போதே எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் துணிந்து கரியாகவே விடுங்கள், உருவம் மட்டும் தெளிவாக இருக்கட்டும். உங்கள் மூன்றாவது படத்தில் பிரச்சினை இருட்டு இல்லை. துறையின் கம்பங்கள், அக்கரை அலையாத்திச் செடிகள், நிறுத்திவைத்த படகு எல்லாம் ஒரே கருப்புப் பட்டையாக ஒட்டிக்கொண்டுவிட்டன. நீங்கள் நின்றுகொண்டு, கண் உயரத்தில் எடுத்திருக்கிறீர்கள். அதே இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தால் கம்பங்கள் அக்கரைப் பட்டைக்கு மேலே எழுந்து வானத்தில் தனித்தனியாக நின்றிருக்கும். மாறாக, பலகையின் தளம் தெரிய வேண்டும் என்றால் உயரம் வேண்டும், மீன் பெட்டி மேலாவது ஏறி நிற்க வேண்டும். இதற்கு விதி எதுவும் இல்லை. நான் ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து, எழுந்து, இரண்டு அடி இடம், இரண்டு அடி வலம் என்று வடிவேலு மாதிரி ஆடித்தான் இடம் பிடிக்கிறேன்.

பலகை ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். உலர்ந்த பழைய மரம் சாம்பல் நிறம், வெளிச்சத்தை வாங்கிச் சிதறவிடும். ஈரமான மரத்தின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும், அது தாழ்வான கோணத்தில் வானத்தை அப்படியே திருப்பித் தரும். மழை விட்ட சாயங்காலத்திலோ, மீன் இறக்கிவிட்டுப் பலகையைக் கழுவின நேரத்திலோ துறை முழுக்கச் செம்பு வார்த்த மாதிரி மின்னும். பலகைகளுக்கு நடுவே உள்ள இடுக்குகள் மட்டும் கருப்புக் கோடுகளாக நீண்டு போகும். நீங்கள் ஃபில்டரில் தேடுகிற வெளிச்சம் அதுதான், ஒரு வாளித் தண்ணீரில் இருக்கிறது. ஆனால் நீங்களே வாளியைத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றாதீர்கள். அடுத்து சுமையோடு வருகிறவர் வழுக்கி விழுவார்.

சூரியன் படத்தில் ஏன் மிளகு மாதிரி இருக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். வானத்தில் அதன் அகலம் அரை டிகிரிதான். லென்ஸின் மில்லிமீட்டரைச் சுமாராக நூறால் வகுத்தால் கேமராவுக்குள் ஒளியைப் பதிவு செய்யும் சென்சார் மேல் விழும் சூரியனின் அளவு கிடைக்கும். 18-ல் 0.18 மில்லிமீட்டர், 55-ல் அரை மில்லிமீட்டர், 200-ல் இரண்டு. சென்சாரின் அகலமோ 23 மில்லிமீட்டர். அடிவானத்தில் பெரிதாகத் தெரிவது நம் மூளையின் மயக்கம், கேமராவுக்கு மயக்கம் வராது. பெரிய சூரியன் வேண்டும் என்றால் நீண்ட லென்ஸோடு துறையிலிருந்து வெகு தூரம் பின்னால் போக வேண்டும். அப்போது ஒரு எச்சரிக்கை: நீண்ட லென்ஸ் போட்ட டிஎஸ்எல்ஆரின் கண்ணாடித் துவாரம் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது, கண் போய்விடும். பின் திரையைப் பாருங்கள்.

ஃபோகஸ் சுலபம். 18 மில்லிமீட்டரில் எஃப்/11 வைத்து ஒன்றரை மீட்டர் தூரத்துப் பலகையில் ஃபோகஸ் செய்தால் முக்கால் மீட்டரிலிருந்து அடிவானம் வரை கூராக வரும். இது கணக்கு, உங்கள் மாதிரி கேமராவுக்குப் பொருந்தும். இருட்டிய பிறகு ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும், ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே செய்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். எஃப்/22 வரை மூட வேண்டாம், துவாரம் ரொம்பச் சின்னதானால் ஒளி விளிம்பில் வளைந்து படம் முழுக்க லேசாக மழுங்கும்.

கூர்மையைக் கெடுப்பது உங்கள் லென்ஸ் இல்லை, துறைதான். இதில் நான் ஒரு சாயங்காலத்தையே தொலைத்திருக்கிறேன். மரத்துறையின் நடுவில் ஸ்டாண்டைப் போட்டு முப்பது வினாடி, நாற்பது வினாடி என்று இருபது படம் எடுத்தேன். திரையில் சின்னதாகப் பார்க்கும்போது அருமை. வீட்டில் கணினியில் போட்டால் எல்லாப் படத்திலும் அக்கரை விளக்கு ஒவ்வொன்றும் இரண்டு இரண்டாக. துறையின் அந்தக் கோடியில் யாரோ கூடையோடு நடந்தாலே இந்தக் கோடியில் பலகை மூச்சு விடுகிறது, கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். மறுவாரம் அந்தப் பெரியவரிடம் புலம்பினேன். அவர் காலால் தட்டிக் காட்டினார். "பலகை மேல நின்னா ஆடத்தான் செய்யும். கவுறு கட்ற கட்டை கீதே, அது சேத்துல ஆயமா எறங்கிக்கீது. அது ஆடாது." அன்றிலிருந்து கேமராவைக் கயிறு கட்டும் கட்டையின் தலையில் ஒரு அரிசிப் பை வைத்து அதன் மேல் உட்காரவைக்கிறேன், இல்லையென்றால் ஸ்டாண்டைக் கரையில் கெட்டித் தரையில் போடுகிறேன். கட்டையில் படகு கட்டியிருந்தால் இதுவும் ஆடும், சொல்லிவிட்டேன். இரண்டு வினாடி டைமர் வைத்து, விரலை எடுத்துவிட்டு, யாரும் நடக்காத நேரம் பார்த்து எடுங்கள்.

இப்போது ஃபில்டர். மேலே கருப்பு, கீழே தெளிவு என்று இருக்கும் கிராஜுவேட்டட் ஃபில்டர் வானத்தை மட்டும் அடக்கும், உண்மைதான். ஆனால் அது நேர்க்கோடு. திறந்த கடலுக்குச் சரி. துறைக் கம்பம், படகின் கொடிக்கம்பு, புகைபோக்கி எது கோட்டுக்கு மேலே நீட்டினாலும் அதன் மேல்பாதியும் சேர்ந்து கருக்கும். பளபளப்பை வடிகட்டும் போலரைசர் ஃபில்டர் சூரியனுக்குச் செங்குத்தான திசையில்தான் நன்றாக வேலை செய்யும். சூரியனை நேரே பார்த்து எடுக்கும்போது அதைப் போட்டால் வானத்தில் பெரிதாக ஒன்றும் மாறாது, ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம்தான் நஷ்டம். இன்னொரு தொந்தரவு, அது தண்ணீரின் பளபளப்பைத் துடைத்துவிடும். நமக்கு அந்தப் பளபளப்புதானே வேண்டும். வெளிச்சத்தைக் குறைத்து, படம் நிமிடக் கணக்கில் பதியும்படி செய்து, தண்ணீரைப் பட்டுத்துணி மாதிரி ஆக்கும் அடர்த்தியான என்டி ஃபில்டர் பார்க்க அழகு, ஆனால் கட்டியிருக்கும் படகுகள் ஒரு நிமிடத்தில் நூறு தரம் அசையும், பேய்ப் படகாக வரும். படகே இல்லாத துறைக்கு மட்டும் அது. ஆகவே இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். மூன்று படத்தை இரண்டிரண்டு ஸ்டாப் வித்தியாசத்தில் எடுத்துக் கணினியில் சேர்ப்பது இலவசம், பழகிப் பார்க்கலாம். அதிலும் அசையும் படகு இடிக்கும் என்பதால் நான் ஒரே ரா படத்தைத்தான் விரும்புகிறேன். இது என் ருசி, வேறு ஒருவர் வேறு சொல்வார். போனில் எடுக்கிறீர்கள் என்றால் திரையில் வானத்தை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிக் கொஞ்சம் இறக்குங்கள். இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்க வேண்டாம். மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.

இவ்வளவு நேரம் சொன்னதில் பெரும்பாலானவை கணக்குக்கு அடங்கும். அடங்காதது வானத்தின் நிறம். இன்றைக்குச் சிவக்குமா என்று என்னைக் கேட்டால் பாதி நாள் தப்பாகத்தான் சொல்வேன். அடிவானத்தில் இருக்கும் சூரியனின் ஒளி, உச்சியில் இருக்கும்போது கடப்பதைப் போல முப்பத்தைந்து மடங்குக்கு மேல் காற்றைக் கடந்து வருகிறது. வழியில் நீலம் சிதறிப்போய்ச் சிவப்பு மிஞ்சுகிறது. அது எல்லா நாளும் நடப்பது. அந்தச் சிவப்பை வாங்கிக் காட்ட உயரத்தில் பஞ்சு மாதிரி மெல்லிய மேகம் வேண்டும், அதே நேரம் மேற்கே அடிவானம் மூடாமல் இருக்க வேண்டும். மேற்கில் மழை மேகம் கட்டியிருந்தால் மேலே எவ்வளவு பஞ்சு இருந்தாலும் பயன் இல்லை. எண்ணூரில் புகை இருப்பதால்தான் வானம் இப்படிச் சிவக்கிறது என்று நிறையப் பேர் சொல்வார்கள். புகையும் தூசியும் நிறத்தைக் கூட்டுவதில்லை, மங்கலாக்கித்தான் விடும். சூரியன் மட்டும் செந்தட்டாகத் தெரியும், மற்ற வானம் அழுக்குப் பழுப்பாகிவிடும். என் நல்ல படங்கள் பெரும்பாலும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழை ஒரு நாள் இடைவெளி விட்டபோது எடுத்தவை. மழை காற்றைக் கழுவிவிட்டிருக்கும், மேலே மேகமும் மிச்சம் இருக்கும். கோடையில் மதியமே கிளம்பும் கடற்காற்று சாயங்காலம் வரை தண்ணீரைச் சுருக்கிக்கொண்டே இருக்கும், பிரதிபலிப்பு கிடைப்பது கஷ்டம்.

இடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது நமக்குத்தான் காட்சி, அவர்களுக்கு வேலை செய்யும் இடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்துப் படகுகளிலும் வலைகளிலும் ஒட்டியபோது கேமராவோடு வந்தவர்கள் ஏராளம். அதற்குப் பிறகு கேமராவைப் பார்த்தாலே முகம் சுளிக்கிறவர்கள் உண்டு, நியாயம்தான். முதல் நாள் கேமராவை வெளியே எடுக்காமல் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். பலகையில் காயும் வலையை மிதிக்காதீர்கள், தாண்டுங்கள். முகம் தெரிய எடுப்பதென்றால் கேளுங்கள். துறைமுகச் சுவர், மின் நிலைய வாசல் பக்கம் கேமராவைத் திருப்பினால் காவலாளி வந்துவிடுவார், வாதாட வேண்டாம். பழவேற்காட்டில் தண்ணீரிலிருந்து எடுக்கிறேன் என்று யாரையாவது சரிக்கட்டிப் படகில் ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். திரும்பி வந்ததும் ஸ்டாண்டின் கால்களை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பு ஒரு மாதத்தில் திருகை இறுக்கிவிடும், என் முதல் ஸ்டாண்டு அப்படித்தான் போனது. ஏசி காரிலிருந்து இறங்கினால் லென்ஸில் ஆவி படியும், பையைத் திறக்காமல் கால் மணி நேரம் வெளியே வைத்திருங்கள்.

அடுத்து எப்போது போகலாம் என்று கேட்டிருந்தீர்கள். என்னைக் கேட்டால் பழவேற்காட்டின் ஊர்ப்பக்கத்துத் துறைக்கே, பௌர்ணமிக்கு முந்தின நாள் போங்கள். மேற்கை மறந்துவிட்டுக் கிழக்கே பாருங்கள். சூரியன் மறைவதற்கு முக்கால் மணி முன்பே நிலா ஏறியிருக்கும், அதனால் நிலாவும் துறையும் ஒரே வெளிச்சத்தில் நிற்கும், நீங்கள் பட்ட பாடு எதுவும் இருக்காது. கடைசி வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து படகுகளின் வண்ணத்தில் நேராக விழும். சூரியன் போன சில நிமிடங்களில் கிழக்கு அடிவானத்திலிருந்து கருநீலப் பட்டை ஒன்று மெல்ல எழும்பும், அதற்கு மேலே ரோஸ் நிறத்தில் இன்னொன்று. அந்தக் கருநீலம் பூமியின் நிழல். பத்துப் பதினைந்து நிமிடத்தில் கலைந்துவிடும். அந்தப் படத்தை, எடுத்த நேரத்தோடு, இங்கேயே போடுங்கள். திரும்பப் பொன்னேரி பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் டீக்கடையில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.